ஏற்றாத சூடம்

என் மனைவி காந்திமதியின் மூளையில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்த பதினொரு மாதமும், அவள் நடிக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் சொன்னதோடு நிறுத்தவில்லை. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பது பேர் முன்னால் அவளை உட்காரவைத்து நிரூபித்தும் காட்டினேன். கைதட்டல் கிடைத்தது.

இது எழுபதுகளின் முற்பாதியில் நடந்தது. அவள் இப்போது இல்லை. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. மருத்துவமனை நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நோயிலிருந்து தொடங்குவார்கள். என்னால் அப்படித் தொடங்க முடியவில்லை. அவள் நோயின் முதல் பதினொரு மாதம் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த நோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அன்றும் நாத்திகன், இன்றும் நாத்திகன். இதைப் படித்துவிட்டு நான் மனம் திரும்பியதாக யாரும் சந்தோஷப்பட வேண்டாம். என் தப்பு வேறு.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அபிராமபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். மாதத்தின் கடைசி ஞாயிறுகளில் எங்கள் பகுத்தறிவு வட்டம் கூடும். கிரகணத்தன்று சாந்தோம் கடற்கரையில் நின்று, எல்லோரும் பார்க்கச் சோறு சாப்பிடுவோம். சாமியார்கள் செய்கிற வித்தைகளை மேடையில் செய்துகாட்டி, எப்படிச் செய்வது என்றும் சொல்லிக் கொடுப்போம். என் வித்தை, எரிகிற சூடத்தை நாக்கில் வைத்துக்கொள்வது. எச்சில் ஈரம் இருக்கும்வரை சுடாது. வாயை மூடினால் அணைந்துவிடும். அதற்காக ஒரு தகரப்பெட்டியில் சூடம் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் சூடம் இருந்த ஒரே இடம் அதுதான்.

காந்திமதியின் அப்பாவுக்கு தி. நகரில் பாத்திரக்கடை. திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். காலையில் கடை திறந்ததும், மாலையில் விளக்கு வைத்ததும், தட்டில் சூடம் ஏற்றிக் கல்லாவுக்கும் தராசுக்கும் காட்டி, வாசலில் நின்று தெருவுக்கும் காட்டுவார்கள். வியாபாரம் நடந்துகொண்டிருந்தாலும் அந்த ஒரு நிமிடம் எல்லாரும் நின்றுவிடுவார்கள். சின்ன வயதில் அந்தத் தட்டைச் சுற்றிக் கொண்டுபோனவள் காந்திமதி. என்னைக் கட்டிக்கொண்டபோது, பதிவுத் திருமணத்துக்கும் சாமி படம் இல்லாத வீட்டுக்கும் சம்மதித்துத்தான் வந்தாள். ஐந்து வருடம் வீட்டுக்குள் சாமி வேண்டும் என்று கேட்கவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

“ஏங்க, யாரு சூடம் ஏத்துனா?”

“இங்கே யார் ஏத்தப்போறா?”

“வாசம் அடிக்கே. உங்களுக்கு அடிக்கலையா?”

எனக்கு அடிக்கவில்லை. கீழே இறங்கி வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் வீட்டில் யாரும் ஏற்றவில்லை. தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. ஒரு நிமிடத்தில் வாசம் போய்விட்டது என்றாள்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை. வரும்போது அவள் பார்வை ஓரிடத்தில் நின்றுவிடும். விரல்கள் முந்தானையைப் பிசையும். உதடுகள் சத்தமில்லாமல் அசையும். கூப்பிட்டால் பதில் வராது. ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு தூங்கி எழுந்தவள்போல, “என்ன கேட்டீங்க?” என்பாள்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். நான்கு பத்தி பிரித்துக் கோடு கிழித்தேன்: தேதி, நேரம், எத்தனை நிமிடம், குறிப்பு. ஒன்றையும் விடாமல் எழுதினேன். குறிப்புப் பத்தியில் முதலில் ‘பழைய நினைவு’ என்று எழுதினேன். உதடு அசைந்த நாட்களில் ‘ஜபம்’ என்று எழுதினேன். மூன்றாவது மாதம் அவள் தயங்கித் தயங்கி, “ஒரு சின்னப் பலகை அடிச்சு, அம்மை படம் ஒண்ணு வச்சுக்கிடட்டுமா?” என்று கேட்டாள். அன்றைக்கு எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. பலகைக்காகத்தான் இந்தச் சூடம். அதன்பிறகு ஒவ்வொரு வரியிலும் ‘நடிப்பு’ என்று எழுதினேன்.

மாமனாருக்கு விஷயம் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். அதிகம் பேசாதவர்.

“மாப்ளே, ஒரு டாக்டர்கிட்ட காட்டிருவமா?”

“அவளுக்கு ஒண்ணுமில்லை மாமா. மனசுதான்.”

“மனசுக்கும் டாக்டர் இருக்காவளே.”

“முதல்ல டாக்டர்ம்பீங்க. அப்புறம் கோயில்ம்பீங்க.”

“கோயிலுக்குக் கூப்பிட்டா வரமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? கோயிலுக்கு நான் தனியா போய்க்கிடுவேன். டாக்டர்கிட்ட நீங்கதான கூட்டிட்டுப் போகணும்” என்றார்.

அதையும் ஒரு தந்திரம் என்றே எடுத்துக்கொண்டேன். சாமி கும்பிடுகிறவர் டாக்டர் என்றார்; விஞ்ஞானம் படித்த நான் வேண்டாம் என்றேன். அன்று இதில் ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை.

எட்டாவது மாதம், வட்டத்தில் ‘வாசனையும் மூடநம்பிக்கையும்’ என்று பேசுவதாக ஒப்புக்கொண்டேன். கல்லூரியிலிருந்து மூன்று பழுப்புப் புட்டிகள் கொண்டுவந்தேன். ஒன்றில் சூடம், ஒன்றில் அந்துருண்டை, ஒன்றில் எதுவுமில்லை. வாயை மெல்லிய துணியால் கட்டி எண் ஒட்டினேன். காந்திமதியிடம், “ஒரு சின்னச் சோதனை. பத்து நிமிஷம்தான்” என்றேன். நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மேடையில் உட்காரக் கூச்சப்பட்டாள்.

முதல் புட்டியை முகர்ந்து “சூடம்” என்றாள். இரண்டாவதை “அந்துருண்டை” என்றாள். மூன்றாவதை முகர்ந்து, “இதுல ஒண்ணுமில்லையே” என்றாள். சரியாகச் சொல்லிவிட்டாளே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மறுபடி மறுபடி மாற்றிக் கொடுத்தேன். நான்காவது சுற்றிலோ ஐந்தாவதிலோ, வெறும் புட்டியைக் கையில் பிடித்தபடியே அவள் பார்வை நின்றது.

“சூடம்” என்றாள். “சூடம் எரியுது.”

நான் புட்டியை வாங்கித் துணியை அவிழ்த்து, சபைக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். கைதட்டினார்கள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. “பாருங்கள், ஜபம் இன்னும் நிற்கவில்லை” என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்ந்தபோதுதான் முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து வந்தார். காந்திமதியின் தோளில் தன் சால்வையைச் சுற்றி, மெல்ல எழுப்பி, பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். நாற்காலி நனைந்திருந்தது.

பயத்தில் என்று நினைத்தேன். அன்றிரவு நோட்டில் எழுதவும் எழுதினேன்: ‘மேடைப் பயம். நடிப்பு வெளிப்பட்டதால் அதிர்ச்சி.’

ரிக்ஷாவில் வரும்போது அவள் கேட்டது ஒன்றுதான். “எல்லாரும் பார்த்தாவளா?”

அதற்குப் பிறகு வாசம் வந்தால் என்னிடம் சொல்வதை விட்டுவிட்டாள். நோட்டில் இடைவெளி விழுந்தது. குணமாகிவிட்டாள் என்று எழுதினேன்.

மார்கழியில் ஒரு நாள், கல்லூரியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். தொலைபேசி. மாமனார் குரல் நடுங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லாக வைத்தார். காலையில் கடைக்கு வந்தாள், கடை திறந்து சூடம் காட்டுகிற நேரம், தட்டை எடுக்கப் போனவள் விழுந்துவிட்டாள். கைகாலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. சுற்றி நின்றவர்கள் சாமி வந்துவிட்டது என்றார்கள். “நான் டாக்ஸியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டேன் மாப்ளே. உங்களைக் கேக்கல. மன்னிச்சுக்கிடுங்க.”

அரசு மருத்துவமனையின் மூளை நரம்புப் பிரிவு அன்று எனக்கு ஒரு நீண்ட நடைவழியாகத்தான் தெரிந்தது. இருபுறமும் பெஞ்சுகள், டெட்டால் வாடை, தூக்குப்பாத்திரங்களோடு காத்திருக்கும் மனிதர்கள். பெரிய டாக்டர் ஐம்பது வயதுக்காரர். நெற்றியில் திருநீறு. அதைப் பார்த்ததும் என்னுள் வழக்கமாக எழும் ஏளனம் அன்றும் எழுந்தது. அவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காந்திமதியிடம் மெதுவாகக் கேட்டார்.

“விழறதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதாம்மா? வெளிச்சம், சத்தம், வாசனை?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“சூடம் வாசம்” என்றாள்.

“இதுக்கு முன்னாடி வந்திருக்கா? எத்தனை நாளா?”

“அவங்ககிட்ட ஒரு நோட்டு இருக்கு” என்றாள்.

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. உதவியாக இருக்கும் என்றுதான் சொன்னாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, “ரொம்ப நல்லது. நாளைக்குக் கொண்டுவாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். முதல் மூன்று பத்திகளை மட்டும் வெள்ளைத்தாளில் படியெடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு பக்கம் படியெடுத்தும் விட்டேன். பிறகு, குறிப்புப் பத்தியில் ‘நடிப்பு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில்தானே உதடு அசைந்ததும் விரல் பிசைந்ததும் நாற்காலி நனைந்ததும் இருக்கின்றன, அவையும் அவருக்கு வேண்டியிருக்குமே என்று உறைத்தது. தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு நோட்டையே கொண்டுபோனேன்.

டாக்டர் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். கடைசிப் பக்கம்வரை படித்தார். புட்டிச் சோதனைப் பக்கத்தை இரண்டுமுறை படித்தார்.

“தேதி, நேரம், எத்தனை நிமிஷம், என்ன அசைஞ்சுது... எங்க மாணவர்களே இவ்வளவு நல்லா எழுத மாட்டாங்க சார்” என்றார். நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். “இதைக் கையில வச்சுக்கிட்டு பதினொரு மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் நோட்டை வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவர் விளக்கினார். காதுக்கு உட்புறம் இருக்கிற மூளைப் பகுதியில் வாசனை அறிகிற இடம் ஒன்று உண்டு. அங்கே கட்டியோ தழும்போ உறுத்தினால், வெளியே எதுவும் இல்லாமலே அந்த இடம் தானாக மின்சாரம் பாய்ச்சிக்கொள்ளும். அது வலிப்பின் ஒரு வகை. உடம்பு முழுக்கப் பரவாதவரை கைகால் இழுக்காது. உதடு அசையும், விரல் பிசையும், பார்வை நின்றுவிடும். பெரும்பாலானவர்கள் ஏதோ எரிகிற வாசனை என்றுதான் சொல்வார்கள். “எரியுதுன்னு மூளை சொல்லும். என்ன எரியுதுங்கறதை அவங்கவங்க வளர்ந்த வீடு சொல்லும். அந்த ஒரு நிமிஷம் அவங்களுக்கு அது நிஜமான சூடம் சார். உங்க வெறும் புட்டியில அவங்க நிஜமாவே முகர்ந்தாங்க.”

சோதனைகள் இரண்டு வாரம் நடந்தன. தலையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னலைகளைக் காகிதத்தில் பதிவு செய்தார்கள். பேனா முட்கள் கரகரவென்று எழுதிக்கொண்டே போயின. இடது பக்கத்து முட்கள் மட்டும் கூராக எழுந்து எழுந்து விழுந்தன. அந்தக் காகிதத்தில் ‘நடிப்பு’ என்று எழுத இடமே இல்லை. அடுத்து, கழுத்து ரத்தக்குழாயில் ஊசி போட்டுச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே. மயக்கம் கொடுக்காமல், மரத்துப்போக மட்டும் மருந்து போட்டுச் செய்தார்கள். “முகத்துல பாதிக்கு மட்டும் வெந்நி ஊத்துன மாதிரி இருந்துச்சு” என்றாள். படத்தில், நேராகப் போகவேண்டிய ரத்தக்குழாய் ஒன்று எதையோ கண்டு ஒதுங்குவதுபோல வளைந்து போயிருந்தது. டாக்டர் அந்த வளைவைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். எலுமிச்சம்பழ அளவு என்றார். மாமனார் டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்ன எட்டு மாதம் முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டேன். அவர் படத்தை உறைக்குள் போட்டார்.

அடுத்த கட்டிலில் வள்ளி என்ற பதினாறு வயதுப் பெண். அவளுக்கும் மூளையில் கட்டி, காசநோயால் வந்தது. அவள் அம்மா கன்னியம்மா, அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது. பார்வையாளர் நேரம் முடிந்ததும் நான் வெளி நடைவழியில் நிற்பேன். கன்னியம்மாதான் உள்ளிருந்து செய்தி கொண்டுவருவாள்.

“இன்னா சார், நின்னுகினே கீற? உன் சம்சாரம் கஞ்சி குட்ச்சிட்ச்சு. உன்னையத்தான் சாப்ட்டியான்னு கேக்குது.”

ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். “எங்க ஆளுங்க மொதல்ல காத்து கருப்புன்னு மந்திரிச்சிகினு இருந்தாங்க சார். மூணு மாசம் பூட்ச்சு. அல்லாம் இந்தப் பாவியால. நீ படிச்ச ஆளு, மொத நாளே இட்டாந்துருப்ப.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஏனோ சொல்லிவிட்டேன். “பதினொரு மாசம்.”

“இன்னா?”

“பதினொரு மாசம் கழிச்சுத்தான் வந்தோம். அதுகூட நான் கூட்டிட்டு வரலை.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அய்ய. அப்பால நீ இன்னாத்ததான் படிச்ச?”

சொல்லிவிட்டு, தன் தூக்கிலிருந்த டீயில் பாதியை மூடியில் ஊற்றி என்னிடம் தள்ளினாள். அதைக் குடித்தேன். அந்த இரண்டு வாரத்தில் என்னை யாரும் திட்டவில்லை. அவள் ஒருத்திதான் திட்டினாள். அவள் ஒருத்தியிடம்தான் எனக்குச் சாப்பிடப் பிடித்தது.

அறுவைக்கு ரத்தம் வேண்டும், ஆறு பேரைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். மாமனார் கடையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எங்கள் வட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூவரும் அன்று மண்டபத்தில் சிரித்தவர்கள். குங்குமம் வைத்தவர்களும் வைக்காதவர்களுமாக ஒரே பெஞ்சில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேச எதுவும் இல்லாமல், யாருக்கு முதலில் மயக்கம் வரும் என்று கிண்டல் செய்துகொண்டார்கள்.

அறுவைக்கு முதல்நாள் சாயங்காலம் நாவிதர் வந்து அவள் தலையை மழித்தார். நான் உள்ளே போனபோது மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“திருச்செந்தூருக்கு முடி வேண்டியிருக்கேன்னு எத்தனை தடவை கேட்டேன். மூடநம்பிக்கைன்னு விடலையே நீங்க. இப்ப பாருங்க, விஞ்ஞானமே மொட்டை போட்டுட்டு.”

நானும் சிரிக்க முயன்றேன். முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் பண்ணினது தப்பு காந்திமதி” என்றேன்.

“எது?”

“அந்தப் புட்டி.”

அவள் சிரிப்பு போய்விட்டது. கையை விடுவித்துக்கொண்டு போர்வையைச் சரிசெய்தாள்.

“அதை எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? அந்த நாப்பது பேரையும் நான் மார்க்கெட்டுல பாக்கேன். கோயில் தெருவுல பாக்கேன். பார்த்ததும் அவங்க கண்ணு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். அவங்ககிட்ட சொல்லுங்க. நான் பிழைச்சாலும் சொல்லுங்க, பிழைக்காட்டாலும் சொல்லுங்க.”

மறுநாள் காலை வள்ளியின் கட்டில் வெறுமையாக இருந்தது. மெத்தை சுருட்டப்பட்டிருந்தது. நான் வாயைத் திறக்கும்முன் காந்திமதி, “கேக்காதீங்க” என்றாள். கன்னியம்மாவின் தூக்குமூடி மட்டும் சன்னலில் இருந்தது. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை. மூன்று மாதம் என்று அவள் சொன்னது, காந்திமதியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது என் காதில் இருந்தது.

ஆறு மணி நேரம். மாமனார் பெஞ்சில் கண்மூடி உட்கார்ந்திருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். என்னிடம் சொல்ல எந்தப் பெயரும் இல்லை. அது எனக்கு வழக்கம்தான். ஆனால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். அவளை நேரம் பார்த்துக் கணக்கெடுப்பதை இனி என்னால் தாங்க முடியாது என்று பட்டது.

டாக்டர் வெளியே வந்து உட்கார்ந்தார். பெரும்பகுதியை எடுத்துவிட்டோம், எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை, பேச்சு இருக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்றார். மிச்சத்துக்குக் கதிர் சிகிச்சை. “ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. அந்த வாசனைதான் நமக்கு இருக்கிற காவல். அது திரும்பி வந்தா, அன்னைக்கே வந்துடணும். ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.”

அவள் பிழைத்தாள். சில சொற்கள் மட்டும் தொலைந்துபோயின. கரண்டியை, “அது... கிண்டுவமே, அது” என்பாள். ஆறு வாரம் கதிர் சிகிச்சைக்குப் போய்வந்தோம். பஸ்ஸில் கூட்டம் இடிக்கும் என்று மாமனார் தினமும் தன் கடை வண்டியை அனுப்பினார். ஒருநாளும் என்னிடம் பழைய பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சித்திரை மாதக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டேன். வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற இன்ஜினீயர், நல்ல மனிதர். “சார், வீட்டு விஷயத்தை வீட்டோட வச்சுக்கலாமே. நாளைக்கு எதிர்த்தரப்புக்காரங்க இதையே பிடிச்சுக்குவாங்க” என்றார். பிடித்துக்கொள்ளட்டும் என்றேன். அதே மேடையில் நின்று நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். நான்கு பத்திகளையும் வாசித்தேன். ‘நடிப்பு’ என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அது என்ன என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நாற்காலி நனைந்ததும் வலிப்பினால்தான் என்று சொன்னேன். “வெறும் புட்டியில் அவள் சூடம் முகர்ந்தபோது, அங்கே என்ன நடக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பதில் முன்பே தெரிந்திருந்ததால் கேட்கவில்லை. அது விஞ்ஞானம் இல்லை” என்றேன். கைதட்டல் இல்லை. பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள். வராதவர்களுக்கு அதை அச்சடித்துத் தபாலில் அனுப்பினேன்.

காந்திமதி தலையில் துணி சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரிக்ஷாவில் ஏறியதும், “இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிச்சிருக்கலாம்” என்றாள்.

அடுத்த வாரம் பெயரில்லாத தபால் அட்டை ஒன்று வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அம்பாளைப் பழித்ததற்கு அம்பாள் கொடுத்த தண்டனை என்று எழுதியிருந்தது. நான் மறைப்பதற்குள் அவள் வாங்கிப் படித்துவிட்டாள். “உங்களைத் தண்டிக்கதுக்கு எந்தலையில கட்டி வைப்பாளா? அவளுக்கு வேற வேலை இல்ல பாரு” என்று கிழித்துப் போட்டாள்.

பலகையை நானே அடித்தேன். திருநெல்வேலிக் காந்திமதி அம்மன் படத்தை மாமனார் கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பயம் வந்தது. வீட்டில் தினமும் சூடம் எரிந்தால், டாக்டர் சொன்ன காவல் என்ன ஆகும்? எது எரிகிறது, எது எரியாமல் வருகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான். அதையும் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவள் யோசித்தாள். “அப்பம் ஒண்ணு செய்யுங்க. நீங்களே ஏத்துங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு. அதுக்கு முன்னாடியும் கிடையாது, பின்னாடியும் கிடையாது. நீங்க ஏத்துனாத்தான் அது நெசமான சூடம். மத்த நேரம் வந்துச்சுன்னா உடனே சொல்லிருதேன்.”

“சொல்லுவியா?”

“நம்புவீங்கன்னா சொல்லுதேன்.”

அன்றிலிருந்து நான் ஏற்றினேன். தகரப்பெட்டியிலிருந்த சூடத்தையே எடுத்துத் தொடங்கினேன். கல்லூரியில் இருந்தாலும் வேறெங்கே இருந்தாலும் ஆறு மணிக்குள் வந்துவிடுவேன். வட்டத்து நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “என்ன சார், பூசாரி ஆயிட்டீங்களா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, ஆறு அடிக்கப் போகிறது. அவள் பலகைக்கு முன்னால் நின்று கும்பிடுவாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். எரிந்து முடிந்ததும், “போச்சு” என்பாள். வாசம் போய்விட்டது என்று அர்த்தம். அது எங்கள் கணக்கு. இரண்டு வருடமும் சில மாதங்களும் அப்படியே போயின. தலைமுடி வளர்ந்து பின்னல் போடுமளவுக்கு வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கல்லூரி சீக்கிரம் விட்டது. மாடிப்படி ஏறி வந்தேன். அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏங்க, இன்னைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரமா ஏத்திட்டீங்க?” என்றாள்.

அவள் என் கையைப் பார்த்தாள். கையில் குடையும் டிபன் பெட்டியும் இருந்தன. பிறகு பலகையைப் பார்த்தாள். தட்டு கவிழ்த்தபடியே இருந்தது. சுவர்க்கடிகாரத்தில் மூன்று இருபது.

கத்தியை முறத்தில் வைத்தாள். “நோட்டை எடுங்க” என்றாள்.

பழைய நோட்டையே எடுத்தேன். கடைசி வரிக்குக் கீழே தேதி எழுதினேன். நேரம் எழுதினேன். நிமிடத்துக்கு இடம் விட்டேன். பேனா நான்காவது பத்திக்கு வந்து நின்றுவிட்டது.

“குறிப்புல என்ன போடுதீங்க?”

“நீ சொல்லு. எழுதறேன்.”

அவள் சொற்களைத் தேடினாள். கொஞ்ச நேரம் பிடித்தது. “சூடம் ஏத்தலை. வாசம் வந்துச்சு. அவ்வளவுதான்.”

அப்படியே எழுதினேன். பதினொரு மாதமும் நான் எழுதியிருக்க வேண்டியது அந்த இரண்டு வரிகள்தான். அவளிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, நான் டாக்ஸி பிடிக்கக் கீழே ஓடுவதற்குள், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.